விடிய விடிய கர்ண மோட்சம்: கட்டியக்காரன் எங்கே வாயை மூட வேண்டும்?

அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா. கலவைப் பக்கத்திலிருந்து வந்த தெருக்கூத்துக் குழு, அதாவது ஜமா, கர்ண மோட்சம் ஆடியது. மொத்தம் 15 பேர். ஜமாவை நடத்தும் வாத்தியாரையும் சேர்த்து வேஷக்காரர்கள் 10, மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை (சிறிய ஊதுவாத்தியம்) ஆளுக்கு ஒருவர், தாளமும் பின்பாட்டுமாக இருவர். முகவீணைக்காரர் கிடைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில் அவரோடு வந்த ஜமா என்பதற்கே முதல் மதிப்பெண் கொடுக்கலாம். ஜமாவின் பெயரைப் போடவில்லை. இங்கே சொல்லும் நிறையும் குறையும் பழைய வட ஆற்காடு முழுக்க ஆடுகிற பல ஜமாக்களுக்குப் பொது. அடுத்த விழாவுக்குத் தாம்பூலம் வைத்துக் கூத்துப் பேசப் போகிறவர்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விமர்சனம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வேஷம், பாட்டு, அடவு மூன்றும் முதல் தரம். நகைச்சுவையும் நல்ல தரம்தான். இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி அது நீண்டதால், விடியற்காலையில் அழ வேண்டிய காட்சி அவசரக் கோலமாகிவிட்டது. ஐந்துக்கு மூன்றரை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதினைந்தாம் நாள் துரோணர் விழுகிறார். கர்ணன் சேனாதிபதி ஆகிறான். பதினேழாம் நாள் களத்துக்குப் போகும் முன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகன் என்று இளக்காரம் பேசி அவள் கதவைத் திறக்க மறுக்கிறாள். தன் பிறப்பின் ரகசியத்தை அவன் சொன்ன பிறகு அவள் உடைந்துபோகிறாள். பிறகு போர், நாகாஸ்திரம், தேர்ச்சக்கரம் புதைவது, கிழ வேதியராக வந்து கண்ணன் புண்ணியத்தை யாசிப்பது, மகன் என்று சொல்லிக் குந்தி மடியில் போட்டு அழுவது. வியாசர் பாரதத்தில் இல்லாத பொன்னுருவிதான் கூத்தில் பாதி இரவை எடுத்துக்கொள்கிறாள். அதில் காரணம் இருக்கிறது. சண்டையில் சாகிற வீரனுக்காக ஊர் அழாது. சொந்த வீட்டு வாசலில் நிற்க வைக்கப்பட்டவனுக்காக அழும்.

இந்த நாடகத்தில் சிரிப்புக்குப் பொறுப்பு கட்டியக்காரன். வாத்தியங்கள் முழங்கக் களரி கட்டி, விநாயகர் துதி முடிந்ததும் முதலில் நுழைபவன் அவன். ராஜா வரப்போவதைச் சொல்பவன் அவன். ராஜா தருப் பாடி முடித்ததும் “அதுக்கு இன்னா அர்த்தம் மகாராஜா?” என்று கேட்டு, பாட்டிலிருந்ததை வசனமாக இறக்கி வைக்கச் செய்பவனும் அவனே. தூதன், வாயிற்காவலன், வேலைக்காரன் எல்லாம் அவன் தலையில்தான் விழும். களரிக்குள், அதாவது ஆடுகிற இடத்துக்குள், நிற்பவர்களில் அவனுக்கு மட்டும்தான் இரண்டு காலம் தெரியும். ஒரு கால் குருக்ஷேத்திரத்தில், ஒரு கால் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில். மற்ற வேஷங்களுக்குக் கூட்டம் கண்ணில் படாது. இவன் கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசுவான். இந்த உரிமையை எப்போது கைவிடுகிறான் என்பதில்தான் கர்ண மோட்சம் நிற்கிறது, அல்லது விழுகிறது.

அன்றைய கணக்கைப் பாருங்கள். 9.45க்குக் களரி கட்டினார்கள். 10.30க்குக் கட்டியக்காரன் நுழைவு. 11.15க்குத் திரை பிடித்துத் துரியோதனன். 12.30க்குக் கர்ணன். 1.30க்குப் பொன்னுருவி வாசல். அந்த ஒரு காட்சி முடிய 4 மணி. போர் 4.45 வரை. கிழ வேதியர் வந்து தானம் வாங்கி விசுவரூபம் காட்டியது வெறும் 15 நிமிடம். குந்தி புலம்பல் 20 நிமிடம். 5.20க்கு மங்களம். எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த இரவில், நாடகத்தின் பெயருக்குக் காரணமான மோட்சத்துக்குக் கிடைத்தது கால் மணி.

தொடக்கத்துச் சிரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த 45 நிமிடம் வீணல்ல. சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் வந்து உட்கார வேண்டும், பாய் விரிக்க வேண்டும், பிள்ளைகள் முன்வரிசைக்கு வர வேண்டும். கட்டியக்காரன் ஊர்ப்பெயர், நாட்டாமை, தலைவர் எல்லாரையும் இழுத்துக் கிண்டலடித்தான். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்கிற வேலூர்ப் பழைய சரக்கும் வந்தது. ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார் என்பதை யாராவது கட்டியக்காரர்களிடம் சொன்னால் நல்லது. பாலாறு விஷயத்தில் ஜோக் இன்னும் செல்லுபடியாகிறது.

துரியோதனன் பிரவேசத்திலும் சிரிப்பு சரியான அளவு. துரோணர் விழுந்த துக்கத்தில் ராஜா வருகிறார். கட்டியக்காரன் அவரைப் புகழ்கிற சாக்கில் குத்திக்காட்டுகிறான். “பதினஞ்சு நாளா பெரியவங்கள அனுப்பினீங்க, ஒருத்தரும் திரும்பி வர்ல. இன்னிக்கு யாரு மகாராஜா?” என்று கேட்டதும் சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் நேரத்தில் கர்ணனின் சலங்கைச் சத்தம் திரைக்குப் பின்னால் கேட்கத் தொடங்கியது. பதில் வந்துவிட்டது என்று கூட்டத்துக்குப் புரிகிறது. நகைச்சுவை அவலத்துக்கு வழி விடுவது இப்படித்தான் இருக்க வேண்டும். நல்ல வாத்தியார் பயிற்சி இல்லாமல் இந்த நேரக்கணக்கு அமையாது.

கர்ணன் வேஷக்காரரைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் என்று கல்யாண முருங்கைக் கட்டையில் செய்து கண்ணாடிச் சில் பதித்த அணி அத்தனையும் கட்டிக்கொண்டு திரைக்குள் நின்றே விருத்தம் பாடினார். திரை விலகியதும் சுழல் ஆட்டத்தில் களரியை மூன்று முறை சுற்றிவந்து பெஞ்சின் மேல் ஏறி நின்றபோது மூச்சு வாங்கவில்லை. கல்யாண முருங்கை எடை குறைந்த மரம் என்றாலும் இறுக்கிக் கட்டிய கயிறு மார்பை விரியவிடாது. கட்டியபிறகு வயிறாரச் சாப்பிடவும் முடியாது. இதோடு விடியும்வரை பாட வேண்டும். இந்த உடல் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த காட்சிக்கு வாருங்கள்.

பொன்னுருவி வாசல். கர்ணன் வெளியே. கதவு சாத்தியிருக்கிறது, கூத்தில் கதவு என்பது கட்டியக்காரன் குறுக்கே நீட்டிய கைதான். முதல் கால் மணி நேரம் அற்புதம். உள்ளே போய்ச் சொல்கிறான், திட்டு வாங்கித் திரும்புகிறான், மறுபடி போகிறான், அடி வாங்கித் திரும்புகிறான். ஒவ்வொரு முறையும் ராணி சொன்னதை ராஜாவிடம் சொல்லாமல் மழுப்புகிறான். நாம் சிரிப்பது அவன் மழுப்பலைப் பார்த்து. கர்ணன் முகத்திலோ அவமானம் ஏறிக்கொண்டே போகிறது. மூன்றாம் முறை வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: “ஊருக்கெல்லாம் வாரிக் குடுத்த மவராசனுக்கு, சொந்த வூட்ல ஒரு சொம்பு தண்ணி குடுக்க ஆளில்ல பாருங்க.” எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு யாரும் பேசவில்லை. காட்சி உச்சத்துக்கு வந்துவிட்டது. கர்ணன் முகாரியில் விருத்தத்தை எடுக்க வேண்டிய இடம் இதுதான், இந்த நொடிதான்.

எடுக்கவில்லை. கட்டியக்காரன் தொடர்ந்தான். தோழி வேஷம் உள்ளே வந்தது. புருஷன் பெண்டாட்டிச் சண்டை, செல்போன், டாஸ்மாக், நூறு நாள் வேலை, இரண்டு சினிமாப் பாட்டு, கொஞ்சம் இரட்டை அர்த்தம். இப்படி 50 நிமிடம். தனித்தனியாகப் பார்த்தால் பாதி நன்றாகவே இருந்தது, இளவட்டங்கள் விசிலடித்தார்கள். அந்த நேரம் முழுக்க அங்க தேசத்து ராஜா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து துண்டால் கழுத்து வியர்வையை ஒற்றிக்கொண்டிருந்தார்.

இதனால் கெட்டுப்போவது என்னென்ன? முதலில் சுருதி. சினிமாப் பாட்டுக்காக ஆர்மோனியம் சுருதியை இறக்கினார். மிருதங்கம் டப்பாங்குத்து நடைக்குப் போனது. திரும்பி உச்ச சுருதிக்கு வந்தபோது, 50 நிமிடம் பாடாமல் ஆறிப்போன கர்ணனின் தொண்டை முதல் இரண்டு அடியில் பிசிறியது. பின்பாட்டுக்காரர்கள் தாங்கிப் பிடித்தார்கள். அடுத்தது அரிதாரம். உட்கார்ந்தே இருந்தால் வியர்வை கண்மையைக் கரைத்துக் கன்னத்தில் இறக்கும். ஆடிக்கொண்டிருப்பவரைவிடக் காத்திருப்பவருக்குத்தான் வேஷம் சீக்கிரம் கலையும், ஏனென்றால் அவர் துடைத்துக்கொண்டே இருப்பார். மூன்றாவது, கூட்டம். சிரிக்க வந்தவர்கள் சிரிப்பு முடிந்ததும் எழுந்து போய்விடுவார்கள். இரண்டரை மணிக்கு மேல் களரியின் ஒரு பக்கம் காலியானது அதனால்தான். அழத் தயாராக இருந்த பெண்கள் பக்கம் மட்டும் அசையவில்லை. நாலாவது, மோட்சத்துக்கு நேரமில்லாமல் போவது; அதைக் கடிகாரமே சொல்லிவிட்டது.

இத்தனைக்கும் அந்தக் கட்டியக்காரர் அசட்டு ஆளில்லை. கர்ணன் பிறப்பைச் சொல்லத் தொடங்கியதும் தலையில் இருந்த கோமாளிக் குல்லாயைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, பெஞ்சுக்குப் பின்னால் போய்ப் பின்பாட்டுக்காரர்களோடு நின்று கர்ணன் அடியை வாங்கிப் பாடினார். பொன்னுருவி “தெரியாமல் பேசினேனே” என்று விழுந்தபோது அவர் கண்ணிலும் தண்ணீர். இரவு முழுக்கச் சிரிக்க வைத்தவன் அழுதால் நமக்கு வேறு வழியில்லை. சிலர் இந்த இடத்தில் களரியை விட்டே போய்விடுவார்கள், அதுவும் சரி. வேலையாளாக ராஜாவின் காலடியில் உட்கார்ந்துகொள்வதும் உண்டு. கூடாதது ஒன்றே: நின்றுகொண்டு கூட்டத்தைப் பார்ப்பது. அவன் கண் கூட்டத்தின் மேல் பட்டாலே அடுத்த ஜோக்குக்கு நாம் காத்திருக்கத் தொடங்கிவிடுவோம்.

குல்லாய் கழற்றத் தெரிந்தவருக்கு, அதை 50 நிமிடம் முன்பே கழற்றத் தோன்றாமல் போனதற்கு விழாக் குழுவும் பொறுப்பு. “இன்னும் கொஞ்சம் காமெடி விடச் சொல்லுங்க” என்று இரண்டு முறை சீட்டுப் போனது.

சல்லியன் காட்சி சுருக்கமாக முடிந்தது, அது நல்லதே. தேரோட்ட வந்த அரசன் தேரில் இருப்பவனை மட்டம் தட்டுவதில் ஒரு கசப்பான நகைச்சுவை இருக்கிறது. குறியை மாற்றச் சொல்லி, கர்ணன் மறுத்ததும் சல்லியன் இறங்கிப் போகிற இடத்தில் கட்டியக்காரன் ஒரே ஒரு வரி பேசினான், போதும். நாகாஸ்திரத்தை மறுமுறை தொடுப்பதில்லை என்று குந்திக்குக் கொடுத்த வாக்கைக் கர்ணன் நினைவுகூரும் வசனமும் தெளிவாக விழுந்தது.

கிழ வேதியர் வருகைதான் இந்த நாடகத்தின் மிக நுட்பமான பகுதி. சாவுக்கு ஒரு படி முன்னால் மறுபடியும் சிரிப்பை அனுமதிக்கிறது கூத்து. கூன் முதுகு, ஊன்றுகோல், இருமல். தர்மதேவதை காத்து நிற்பதால் உயிர் பிரியாமல் கிடக்கும் கர்ணனிடம், செய்த புண்ணியம் எல்லாவற்றையும் கேட்க வந்திருக்கிறான் கண்ணன். கூட்டத்துக்கு இது தெரியும், கர்ணனுக்குத் தெரியாது. எனவே வேதியர் தடுமாறி நடக்கும்போது வருகிற சிரிப்புக்குள்ளேயே ஒரு பயம் இருக்க வேண்டும். அதற்கு நடிகர் இரண்டு வேலை செய்தாக வேண்டும்: உடம்பு கிழவனாக இருக்கும்போது குரலில் எங்காவது ஒரு இடத்தில் கண்ணனின் தெளிவு வெளிப்பட வேண்டும், கேள்வியைக் கேட்ட நொடியில் இருமல் நின்றுவிட வேண்டும். அன்றைய நடிகர் முதலாவதைச் செய்தார். “நீ செய்த தர்மம் அத்தனையும் வேண்டும்” என்று கேட்கும்போது குரல் சட்டென்று நிமிர்ந்தது. ஆனால் இருமலை விடவில்லை. ரத்தத்தால் தாரை வார்க்கும்போதும் ஒருவர் பின்வரிசையில் சிரித்தார். தவறு சிரித்தவருடையது அல்ல.

அடுத்து வர வேண்டியது, எத்தனை பிறவி எடுத்தாலும் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாத மனம் வேண்டும் என்று கர்ணன் வரம் கேட்பது. இதை விருத்தமாக முழுக்கப் பாடினால் எட்டு நிமிடமாவது பிடிக்கும். வானம் வெளுக்கத் தொடங்கிவிட்டதால் இரண்டு அடியோடு நிறுத்திக்கொண்டு வசனமாக ஒப்பித்தார்கள். வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் கிடைக்காதவன் என்று சிரித்தோமே, அவன் கடைசியாகக் கேட்பது கொடுப்பதற்கான மனத்தை. முன்பாதி ஜோக்குக்கும் பின்பாதி வரத்துக்கும் உள்ள இந்த முடிச்சைச் சேர்த்துக் கட்டும் இடத்தில்தான் கயிறு போதவில்லை.

குந்தி புலம்பல் ஓரளவு மீட்டுக்கொடுத்தது. பொன்னுருவிக்கும் குந்திக்கும் தனித்தனி வேஷக்காரர் என்பது இந்த ஜமாவின் நல்ல ஏற்பாடு. ஒரே பெண் வேஷக்காரர் இரண்டையும் செய்தால் நாலு மணிக்குப் பொன்னுருவியில் கத்திய தொண்டை ஐந்து மணிக்கு ஒப்பாரிக்கு எழாது. தாம்பூலம் வைக்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள்: பெண் வேஷம் எத்தனை பேர்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இதே கர்ண மோட்சத்தைக் கருமாதிக்கும் வைக்கிறார்கள். விழாவில் அது பாரதத்தில் ஒரு இரவு. முன்னால் வில் வளைப்பு, துகில், அர்ச்சுனன் தபசு என்று போய், பின்னால் துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளமும் தீமிதியும் வர இருக்கிறது. அதனால் இங்கே அவலம் முழுமையாக இறங்க வேண்டும்; மறுநாள் படுகளத்துக்கு ஊர் அந்த மனநிலையோடு வர வேண்டும். கருமாதி வீட்டில் கணக்கே வேறு. அங்கே அழுகை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. வீட்டாரை விழித்திருக்க வைக்கவும் கொஞ்சம் இலகுவாக்கவும் கட்டியக்காரனுக்குக் கூடுதல் நேரம் கொடுக்கலாம். ஆனால் கணவன் மனைவி சண்டை ஜோக்குகளை அடக்கி வாசிக்க வேண்டும். எதற்காக வைக்கிறோம் என்று வாத்தியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவரே அளவு பார்த்துக்கொள்வார். சொல்லாவிட்டால் எல்லா ஊருக்கும் ஒரே அளவுதான் கிடைக்கும்.

அன்பளிப்பு அறிவிப்பு தனித் தொல்லை. நூறு ரூபாய் கொடுத்தவர் பெயரை உடனே மைக்கில் சொல்ல வேண்டும் என்கிற பழக்கத்தால், பொன்னுருவி காலில் விழும் நேரத்தில் ஒரு மளிகைக் கடையின் பெயர் ஒலித்தது. இதைத் தடுக்க முடியாது, இடம் மாற்றலாம். துரியோதனன் வருமுன், கர்ணன் பிரவேசத்துக்குப் பின், கதவு திறக்குமுன் என்று மூன்று இடம் குறித்து, சீட்டுகளைக் குழுவில் ஒருவர் சேர்த்து வைத்துக் கொடுக்கட்டும். கதவு திறந்தபிறகு மங்களம் வரை ஒரு சீட்டும் களரிக்குள் போகக் கூடாது.

ஒலி பற்றி. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. விழாக் காலத்தில் வருஷத்துக்கு அதிகபட்சம் 15 நாள் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு இது நேர் எதிர். குழுவினர் காவல் நிலையத்தில் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. அதைவிட நல்லது, நள்ளிரவுக்குப் பிறகு குழாய் ஸ்பீக்கரை நிறுத்திவிடுவது. கூத்துக் குரல் மைக் இல்லாத காலத்தில் உருவானது. 20 அடிக்கு 20 அடி களரியில், மூன்று பக்கம் கூட்டம் நெருங்கி உட்கார்ந்தால் கடைசி வரிசைவரை கேட்கும். மைக் இருந்தால் கட்டியக்காரன் அதைக் கையை விட்டு விடுவதில்லை என்பது வேறு சங்கதி. அன்றைக்கு முகவீணைக்குப் பக்கத்திலேயே ஒரு மைக் தொங்கியதால் குந்தியின் சொற்கள் பாதி அமுங்கின. மைக்கை முகவீணையிலிருந்து ஆறடி தள்ளிக் கட்டியிருந்தால் போதும்.

விளக்கில் கலர் எல்இடி வேண்டாம். பச்சையும் நீலமும் மாறி மாறி அடித்தால் முகத்து அரிதாரத்தின் நிறமே தெரியாது. தலைக்குச் சற்று மேலே இரண்டு மஞ்சள் விளக்கு இருந்தால் கிரீடத்துக் கண்ணாடிச் சில் தானாக மின்னும். சிமெண்ட் மேடையில் ஆட வைக்காதீர்கள். முழங்கால் போய்விடும், பொன்னுருவி விழுகிற விழுகையும் பொய்யாகத் தெரியும். தண்ணீர் தெளித்துக் கெட்டித்த மண் தரை, பின்னால் இரண்டு கனமான பெஞ்ச். ராஜா ஏறி ஆடுகிற பெஞ்ச் ஆடக் கூடாது, அதை முன்னதாக ஒருவர் ஏறிக் குதித்துப் பார்த்துவிட வேண்டும்.

சாப்பாட்டை இரவு 7 மணிக்குள் முடித்துக் கொடுங்கள். கட்டை வேஷம் கட்ட இரண்டு மணி நேரம் பிடிக்கும். நள்ளிரவில் ஒரு டீ, மூன்று மணிக்குச் சுக்குக் காபி. பேசும்போதே வண்டி வாடகை, மைக், விளக்கு யார் பொறுப்பு என்று பிரித்துப் பேசிவிடுங்கள். நேரத்தையும் அப்படியே பேசலாம்: வாசல் காட்சி மூன்று மணிக்குள் முடியும், வேதியர் வருகைக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குவோம் என்று வாத்தியார் ஒப்புக்கொண்டால் அட்வான்ஸ் கொடுங்கள். மங்களம் பாடியதும் எல்லோரும் பந்தலைப் பிரிக்கப் போய்விடுகிறார்கள். வேஷக்காரர்கள் அரிதாரத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். 10 பேருக்கு அரை லிட்டர் தேங்காய் எண்ணெய், பழைய வேட்டித் துணி, இரண்டு குடம் வெந்நீர், இரண்டு சோப்பு. இதை முதல் நாளே வாங்கி வையுங்கள், விடியற்காலை ஐந்தரைக்கு அந்த ஊரில் எந்தக் கடையும் திறந்திருக்காது.